தைலகாய்டு: பசும்பையா, ஒளித்தட்டா, ஒளிமடியா?

வணக்கம். ஒளிச்சேர்க்கையில் ஒளியைப் பிடித்து ஆற்றலாக மாற்றும் சவ்வு அமைப்புதான் தைலகாய்டு (thylakoid). செடிகளில் அது இலைச் செல்லின் பசுங்கணிகத்துக்குள் (chloroplast) இருக்கிறது. அதற்குத் தமிழில் எந்தச் சொல் வைப்பது என்பதே கேள்வி. பசும்பை போதும் என்பவரின் வாதம் இது:

> பசுங்கணிகத்துக்குள் இருக்கும் பை. ஆகவே பசும்பை. வேறென்ன வேண்டும்?

பசும்பை இரண்டு இடத்தில் இடிக்கிறது, ஐயா. நீலப்பசும் பாக்டீரியாக்களில் பசுங்கணிகமே கிடையாது. ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தைலகாய்டு உண்டு. இது சின்னச் சிக்கல்தான். பெரிய சிக்கல் 'பை'யில் இருக்கிறது. பித்தப்பை, சிறுநீர்ப்பை, கருப்பை என்று நம் உயிரியலில் பையில் முடியும் சொற்கள் உள்ளே இருப்பதைச் சொல்பவை. அந்தப் பழக்கத்தில் பசும்பை என்றதும் மாணவர் ஒரு பை வரைந்து உள்ளே பச்சை தீட்டிவிடுவார். உள்ளே பச்சையம் இல்லை. பச்சையம் ஏ, பச்சையம் பி, கரோட்டினாய்டுகள் எல்லாம் சுவரில், அதாவது சவ்வில், புரதங்களோடு பிணைந்து கிடக்கின்றன. பச்சையத்தின் 20 கார்பன் நீளமுள்ள ஃபைட்டால் வால் தண்ணீரோடு சேராது. சவ்வின் கொழுப்புக்குள்தான் நிற்கும்.

பசலைக்கீரையை வெறும் தண்ணீரில் அரைத்து வடிகட்டிப் பாருங்கள். வருவது கலங்கல், அதில் மிதப்பவை சவ்வுத் துணுக்குகள். மையவிலக்கியில் வேகமாகச் சுற்றினால் பச்சை அடியில் படிந்துவிடும். அதே கீரையை 80 சதவீத அசிட்டோனில் அரைத்து வடிகட்டினால் தெளிந்த பச்சைக் கரைசல் கிடைக்கும். (அரைக்கும்போதே ஒரு சிட்டிகை மக்னீசியம் கார்பனேட் போட வேண்டும். இல்லாவிட்டால் செல்சாற்றின் அமிலம் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றி, கரைசல் பழுப்படிக்கும்.) பைக்குள் அடைத்த சாறாக இருந்தால் தண்ணீரிலேயே கரைந்து வந்திருக்கும்.

ஒளித்தட்டு வடிவத்தைச் சரியாகப் பிடிக்கிறது. கிரானா எனப்படும் அடுக்குகளில் தைலகாய்டுகள் காசு அடுக்கியதுபோல 10, 20 என்று அடுக்கியிருக்கும். நிழலில் வளர்ந்த இலையில் இன்னும் உயரமான அடுக்குகள். ஆனால் தட்டுக்கு உள்ளிடம் ஏது? ஒளி பட்டு நீர் பிளக்கும்போது புரோட்டான்கள் சேர்வது அந்த உள்ளிடத்தில்தான். வெளியே, பசுங்கணிகத்தை நிரப்பியிருக்கும் நீர்மமான ஸ்ட்ரோமாவில், பிஎச் 8 அளவில் இருக்க, உள்ளே 6 வரையோ அதற்கும் கீழேயோ இறங்கும். அந்த வேறுபாடுதான், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியை உண்டாக்கும் நொதியான ஏடிபி சின்தேசைச் சுழற்றுகிறது. போதாததற்கு, கிரானாவின் 'தட்டுகள்' தனித்தனி உருப்படிகளும் அல்ல. மடிந்து மடிந்து போகும் ஒரே சவ்வு; உள்ளிடமும் ஒன்றோடொன்று தொடர்கிறது.

அதனால்தான் ஒளிமடி என்கிறேன். மடி என்றால் மடிப்பு. வேட்டியில் காசு முடிந்துவைக்கும் இடமும் மடிதான். துணியே பையாகிறது, தனியாகப் பை இல்லை. தைலகாய்டின் கட்டமைப்பு அச்சாக இதுவே. புரோட்டான் சேர்வதை 'மடியில் கனம்' என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

> மடிக்கு மாட்டு மடி, சோம்பல் என்றெல்லாம் பொருள் உண்டே?

உண்டு. பசுமடி என்று வைத்தால் நேரே மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடும். அதனாலேயே 'ஒளி'யை முன்னால் வைத்தேன். சோம்பல் என்ற பொருள் குறளோடு நிற்கிறது, பேச்சில் இல்லை.

கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: சவ்வுக்கு மடிச்சவ்வு, உள்ளிடத்துக்கு மடியகம், கிரானத்துக்கு மடியடுக்கு, அடுக்குகளை இணைக்கும் பகுதிக்கு இணைமடி. கடினமான ஒரு பத்தியில் போட்டுப் பார்த்தேன் (ஒளியமைப்பு என்பது ஒளியைப் பிடிக்கும் பச்சையம்-புரதத் தொகுதி; ஒன்று, இரண்டு என்று இரு வகை):

"ஒளியமைப்பு இரண்டு பெரும்பாலும் மடியடுக்கின் உட்பகுதியில், மடிகள் ஒட்டி நெருங்கிய இடத்தில் இருக்கும். ஒளியமைப்பு ஒன்றும் ஏடிபி சின்தேசும் இணைமடியிலும் அடுக்கின் விளிம்புகளிலும் இருக்கும். ஏடிபி சின்தேசின் தலை ஸ்ட்ரோமா பக்கம் துருத்தி நிற்பதால், ஒட்டிய மடிகளுக்கிடையே அதற்கு இடம் போதாது."

பசும்பையை வைத்து இதே பத்தியை யாராவது எழுதிக் காட்டுங்கள். ஸ்ட்ரோமாவுக்கு மட்டும் எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை.