அனுமதி மறுக்கப்பட்ட அமைதிப் போராட்டம்: கைதாவதற்கு எவ்வாறு ஆயத்தமாவது?

அடையாறு வாசகி (கேள்வி):

வணக்கம். காசா மீதான போரை எதிர்த்தும், இந்தியாவிலிருந்து இஸ்ரேலுக்குப் போர்த் தளவாடங்கள் அனுப்பப்படுவதை நிறுத்தக் கோரியும் எங்கள் குழுவினர் சென்னையில் ஓர் அறப்போராட்டத்தைத் திட்டமிட்டுள்ளனர். ஆர்ப்பாட்டங்களுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் வள்ளுவர் கோட்டம் பகுதியில் அல்லாமல், அனுமதி கிடைக்காது என்று தெரிந்தே ஓர் அரசு அலுவலகத்தின் வாயிலில் அமைதியாக அமர்வதென முடிவாகியிருக்கிறது. கலைந்து செல்லும்படி காவல்துறையினர் கூறியதும் சிலர் எழுந்து போவார்கள். சிலர் கைதாகும் வரை அமர்ந்திருப்பார்கள். நான் அமர்ந்திருக்க விரும்புகிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்கிறேன். வயதான தாயார் என்னுடன் இருக்கிறார். சட்டப்படி என்ன நடக்கக்கூடும் என்பதை அறிய வேண்டும். அதைவிட என்னை அதிகம் உறுத்தும் கேள்வி வேறொன்று: என் அருகில் இருப்பவரை இழுத்துச் செல்வதைக் கண்டால், என்னால் அமைதி காக்க முடியுமா? இதற்கெல்லாம் பயிற்சி என்று ஏதேனும் உண்டா?

கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்:

வணக்கம் அம்மா. தமிழ்நாட்டில் இத்தகைய போராட்டங்களில் பெரும்பாலும் நடப்பது, அமர்ந்தவர்களை வேனில் ஏற்றி, அருகிலுள்ள திருமண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ வைத்திருந்து, மாலையில் விடுவிப்பதுதான். ஆனால் இது வழக்கமே தவிர உத்தரவாதம் அன்று. மாலையில் வீடு திரும்பிவிட்டோம் என்பதால் வழக்கு இல்லை என்று பொருளும் அன்று. முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த சில நாள்களில் கட்டாயம் பாருங்கள்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் 170ஆம் பிரிவின்கீழ் முன்னெச்சரிக்கையாகக் கைது செய்தால், வேறு காரணமின்றி 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. எந்தக் கைதாக இருந்தாலும் அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 47); நீங்கள் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் (பிரிவு 48); விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை உண்டு (பிரிவு 38). சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும், விதிவிலக்கான சூழலில் குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்) முன் அனுமதி பெற்றாலன்றி, பெண்களைக் கைது செய்யக் கூடாது.

சட்டவிரோதமாகக் கூடுதல், தடை உத்தரவை மீறுதல் ஆகியவை பொதுவாகப் பிணையில் விடத்தக்க குற்றங்கள். தடை உத்தரவை மீறியதாகக் கூறும் வழக்குகளில், உரிய அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் அளிக்க வேண்டும் என்பதையும், காவல்துறை தானாக வழக்குப் பதிய முடியாது என்பதையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018ஆம் ஆண்டு ஜீவானந்தம் வழக்கில் தெளிவாக்கியது. நிலைமை முற்றிலும் மாறுவது எங்கே என்றால், ஒரு காவலரைத் தள்ளிவிட்டதாகவோ தாக்கியதாகவோ எழுதப்படும் இடத்தில்தான். அது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, பிணையில் விட முடியாத குற்றம். எனவே குண்டுக்கட்டாகத் தூக்கினாலும் கையை உதறாதீர்கள், யாரையும் பிடித்து இழுக்காதீர்கள். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது கடவுச்சீட்டு பெறுவதில் தடை வரலாம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

மூத்த களப்பணியாளர், திருச்சி:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பயிற்சி உண்டு, அது இன்றி யாரும் கைதுக்கு முன்வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சிப் பட்டறைகளை இதற்கு முன்மாதிரியாகச் சொல்வேன். நாகபுரியில் மூன்றாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி, காந்தியின் வழிமுறையைக் கற்றுத் திரும்பியவர் அவர். 1959இன் இறுதி மாதங்களில் ஒரு தேவாலயத்தில் மாணவர்களை அமரவைத்து, சக மாணவர்களையே வசைபாடவும், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளவும் செய்து, அப்போது உடல் என்ன செய்யத் துடிக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தாமே அறியும்படி செய்தார். 1960 பிப்ரவரியில், வெள்ளையருக்கு மட்டுமென்று ஒதுக்கப்பட்ட உணவக மேசைகளில் அமர்ந்தவர்கள் அடிக்கப்பட்டுக் கைதானபோது, அடுத்த வரிசையினர் வந்து அதே இடங்களில் அமர்ந்தார்கள். அபராதம் கட்டுவதைவிடச் சிறை செல்வதைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். இது அவர்களுக்குக் கைகூடியது அவர்கள் கோபம் வராதவர்கள் என்பதால் அல்ல. கோபம் வரும் தருணத்தை முன்பே ஒருமுறை வாழ்ந்து பார்த்திருந்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். உங்கள் குழுவில் இருவர் காவலராக நடிக்கட்டும். உங்களுக்கு நெருக்கமான ஒருவரை உங்கள் கண்முன் தூக்கிச் செல்லட்டும். நீங்கள் எழுந்துவிட்டால், அன்று எழுந்து செல்பவர்களின் பக்கம் இருங்கள்; அதில் எந்தக் குறைவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் அருகில் அமரும் ஒரு துணை இருக்க வேண்டும். ஒருவர் குரல் உயர்ந்தால் மற்றவர் கையைப் பற்றுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாரேனும் கல்லை எடுத்தால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். அமைதியாக எழுந்து விலகி அமர்ந்துவிடுவதே நாங்கள் கடைப்பிடித்த வழி.

பெயர் வெளியிட விரும்பாதவர்:

மேலே உள்ள இருவரையும் மதித்தே சற்று மாறுபடுகிறேன். கைதாவதே போராட்டத்தின் உச்சம் என்ற எண்ணம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்கு உணவும் இடமும் அளிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். வழியெங்கும் ஊர் மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். நடந்தவர்களைப் போலவே அவர்களும் அந்தச் சத்தியாக்கிரகத்தை நடத்தியவர்கள்தான்.

கைதாகாதவர் ஒருவர் வெளியே இருந்து பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, எந்த மண்டபத்தில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லி, வழக்கறிஞரை அழைத்து வர வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். தாயாரைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒருவர் இரண்டு நாள்களுக்குக் கிடைக்காவிட்டால், இந்த முறை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். கிடைத்தால், தாயாரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்வது அவருக்குப் பெரிய வேதனை.

அடையாறு வாசகி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவே அம்மாவிடம் பேசினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அத்தையை வந்து தங்கச் சொல் என்றார். அடுத்த ஞாயிறன்று குழுவில் ஒத்திகை வைக்கிறோம். அதில் என்னால் அமர்ந்திருக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுப்பேன்; இல்லையெனில் பெயர்ப் பட்டியல் வேலை என்னுடையது. மருந்து பற்றி மட்டும் கேட்க வேண்டும்: மாத்திரைகளைப் பறிமுதல் செய்துவிட்டால் என்ன செய்வது?

கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்:

மருத்துவர் எழுதிய சீட்டின் நகல் இரண்டையும் இரண்டு நாள் மாத்திரைகளையும் அதன் உறையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு நகல் வெளியே இருப்பவரிடம் இருக்கட்டும். கைதுக்குப் பின் மருத்துவப் பரிசோதனை நடக்கும் (பிரிவு 53). அப்போது சர்க்கரை நோய் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நடுவர் முன் நிறுத்தினால் அவரிடமும் சொல்லுங்கள். கைப்பேசியைக் கொண்டு போகாமல், வழக்கறிஞர் எண்ணையும் இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் மையால் கையில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். மண்டபத்தில் மதிய உணவு வர மாலை ஆகிவிடுவதுண்டு.