வாடகைக்கு விட வீடு வாங்கும்போது சேமிப்பு முழுவதையும் போட்டுவிடலாமா?

கேள்வி

வணக்கம். வாடகைக்கு விடுவதற்கென்று முதன்முறையாக ஒரு வீடு வாங்க எண்ணியிருக்கிறேன். பார்த்திருப்பது அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. கட்டி ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகின்றன. விகிதம் எளிதில் விளங்குவதற்காக எண்களைச் சுருக்கி எழுதுகிறேன். வீட்டின் விலையை 1,00,000 என்று வைத்துக்கொண்டால், பதிவு, தரகு முதலான செலவுகள் 8,000 ஆகும்; மாத வாடகை 700 வரும். அக்கம்பக்கத்தில் விசாரித்த வரையில் இந்த வாடகை மிகையில்லை.

என் சேமிப்பு 40,000. அதை முழுவதும் போட்டால் கடன் 68,000 போதும். 7% வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 527 ஆகிறது. 8,000-ஐக் கையில் நிறுத்திக்கொண்டால் கடன் 76,000, தவணை 589. வட்டி மிச்சமாகும், முழுவதையும் போட்டுவிடுங்கள், வாடகையே தவணையைக் கட்டி மேற்கொண்டு மீதமும் தரும் என்கிறார் தரகர். என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

உங்கள் மனைவி சொல்வதே சரி. பல ஆண்டுகளாக இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டு வருபவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தரகர் 700-ஐ 527-உடன் ஒப்பிடுகிறார். அந்த 700 உங்கள் கைக்கு முழுதாக வந்து சேராது. ஆண்டு வாடகை 8,400. ஒருவர் காலிசெய்து அடுத்தவர் வருவதற்குள் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் விவேகம். அதில் 700 போகிறது. பழுதுபார்ப்புக்கு வீட்டு விலையில் 1%, அதாவது ஆண்டுக்கு 1,000 ஒதுக்குவது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. சொத்து வரி, காப்பீடு, பொதுப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றுக்கு இன்னொரு 700 வைப்போம். மீதி 6,000, மாதத்துக்கு 500. ஆக, எந்தத் தவணையை எடுத்தாலும் மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் போட வேண்டியிருக்கும்: ஒன்றில் 27, மற்றதில் 89. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு தவிப்பது வேறு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 8,000-ஐக் கையில் வைத்துக்கொள்வதற்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது மாதம் 62. அதற்குப் பதிலாக உங்களிடம் இருப்பது, 589 வீதம் 13 மாதத் தவணைக்கும் சற்றுக் கூடுதலான பணம். வீடு நான்கு மாதம் காலியாக இருந்து, அதே சமயத்தில் தண்ணீர்க் குழாய் முழுவதையும் மாற்ற நேர்ந்தாலும் தூக்கம் கெடாது. என் முதல் வீட்டில் நான் செய்தது நேர்மாறு. கையிருப்பு அனைத்தையும் போட்டேன். ஆறாவது மாதத்தில் குளியலறைத் தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. தளத்தைப் பெயர்த்துச் சரிசெய்ய வீட்டுக் கடனைப்போல் இரு மடங்கு வட்டிக்குத் தனிக் கடன் வாங்கினேன். வீட்டுக் கடனில் நான் மிச்சப்படுத்தியிருந்த வட்டி அந்த ஒரே ஆண்டில் கரைந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செலவுகள் உட்பட 1,08,000 போட்டு ஆண்டுக்கு 6,000 நிகரமாக வருகிறது என்றால் அது 5.6% அளவுக்கே நிற்கிறது; கடன் வட்டியோ 7%. அதாவது கடன் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் தான் ஈட்டுவதைவிடக் கூடுதலாக விழுங்குகிறது. தரகரின் பேச்சில் நியாயம் உள்ள இடம் இது ஒன்றுதான். ஆனால் அதற்கு மருந்து கையிருப்பைத் துடைத்தெடுப்பது அல்ல. விலையைக் குறைத்துப் பேசுவதும், சில ஆண்டுகளில் கூடுதல் பணம் சேரும்போது அசலில் கட்டுவதும்தான். இந்தக் கடனில் பாதி அசல் கழியவே 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகையால் தொடக்க ஆண்டுகளில் அசலுக்குக் கட்டும் தொகைக்குப் பலன் மிகுதி. இடையில் கட்டினால் கட்டணம் உண்டா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்பதையும் கேளுங்கள். இதே 76,000-க்கு வட்டி 9% ஆனால் தவணை 684 ஆகும். அதை உங்கள் வருமானம் தாங்குமா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவரின் கணக்கோடு உடன்படுகிறேன். நான் கட்டடப் பணி மேற்பார்வையில் இருப்பவன். பழுதுபார்ப்புக்கு 1% என்பது வீடு உருப்படியாக இருந்தால் மட்டுமே பொருந்தும். 15 ஆண்டான கட்டடத்தை ஒரே முறை பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வண்ணம் அடித்திருந்தால் அந்தச் சுவரின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குளியலறையாகவோ வெளிச்சுவராகவோ இருக்கும். தரையோடுகளை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்டால் அடியில் பிடிப்பில்லை. எல்லாக் குழாய்களையும் ஒருசேரத் திறந்துவிட்டு, தண்ணீரின் வேகம் தளர்கிறதா, வடிகால் தேங்குகிறதா என்று சில நிமிடங்கள் நின்று கவனியுங்கள்.

கூரையின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அதை மேற்பூச்சு விரிசல் என்று ஒதுக்காதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. பூச்சு வேலையால் அது தீராது.

அடுக்குமாடி என்பதால் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மின்தூக்கி மாற்றம், மொட்டைமாடிக் கசிவுத் தடுப்பு போன்ற பெரிய வேலை நெருங்கியிருந்தால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது விலை பேசும்போதே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் மறுமொழி

பத்திரங்களை விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞரிடம் கொடுக்காமல், நீங்களே கட்டணம் கொடுத்து அமர்த்தும் ஒருவரிடம் கொடுத்து வில்லங்கம் பாருங்கள்.

குடிவருபவரைப் பொறுத்தவரை, 700-க்கு நம்பகமான ஒருவர் வந்தால் 735 கேட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் போகும் 700-ஐ, அந்த 35 கூடுதலில் மீட்க 20 மாதங்கள் ஆகும். அவரைப் பற்றி இப்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் விசாரித்தால் போதாது. எப்படியாவது காலிசெய்தால் சரி என்று அவர் புகழக்கூடும். அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், அவருக்கு மறைக்கக் காரணமில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மீண்டும் போய்ப் பார்த்தோம். குளியலறைக் கூரையின் ஒரு மூலையில் உப்புப் பூத்து, விரல் பட்டதும் மாவுபோல் உதிர்ந்தது. சங்கச் செயலாளரைக் கேட்டதில், மொட்டைமாடிக் கசிவுத் தடுப்பு வேலை இந்த ஆண்டே தொடங்குகிறது என்றும் இந்த வீட்டின் பங்கு 2,500 வரும் என்றும் சொன்னார். அதைக் காட்டி விலையில் 4,000 குறைத்துக் கேட்டிருக்கிறோம்; குறைக்காவிட்டால் விட்டுவிடுவது என்று இருவரும் முடிவு செய்துள்ளோம். கடைசியாக ஓர் ஐயம்: குடிவருபவர் தரும் முன்பணத்தையும் அவசரக் கையிருப்பாகக் கணக்கில் சேர்க்கலாமா?

முதல் மறுமொழி எழுதியவர்

வேண்டாம். அது அவருடைய பணம். அவர் காலிசெய்யும் நாளில், சேதத்துக்கு உரியதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டியது. அந்த நாளில்தான் உங்களுக்கு வாடகையும் நிற்கும், வண்ணம் பூசும் செலவும் வரும். அதனால் முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். அவர் குடிவரும் அன்றே ஒவ்வோர் அறையையும் இருவருமாகச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, மின்விசிறி, குழாய், கதவுப் பூட்டு வரை நிலையை எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால், பிற்பாடு கழிக்கும் தொகையில் சச்சரவு எழாது. விற்பவர் என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள்.