சேதனப் பசளை மட்டும் போதுமா?

தெஹிவளைத் தோட்டம்:
யூரியா இல்லாமல் கொழும்பு மண்ணில் ஒன்றும் வளராது என்று போன கிழமை இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் மணல் மண். வைகாசி மழைக்கு முன் யூரியா போட்டால் நிறையத் தண்ணீரோடு போய்விடும். உக்கிய மாட்டெரு ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். மகரகமப் பக்கம் கபுக் மண், அதாவது செம்பூரான்கல் மண், புளிப்பு அதிகம். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொஸ்பரசைக் கட்டிப் போட்டுவிடும். சேதனப் பொருள் சேரச் சேர அந்தப் பிடி தளரும்.

மலைநாட்டான், வத்தளை:
மண்ணைப் பற்றிச் சொன்னது சரி அண்ணே. பயிரின் சாப்பாட்டுக் கணக்கு எங்கே? யூரியாவில் நைதரசன் 46 வீதம். கொம்போஸ்டில் 1, 2 வீதம்தான். ஒரு கிலோ யூரியாவுக்கு ஈடாக 1 வீதக் கொம்போஸ்ட் 46 கிலோ வேண்டும். அதுவும் முழுவதும் அந்தப் போகத்திலேயே வெளியே வராது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். இடையில் அடிபட்டது நெல் விவசாயியும் தேயிலைத் தோட்டத்து எங்கள் சனமும். பூச்சாடியில் வல்லாரை வளர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

தெஹிவளைத் தோட்டம்:
தயாரிப்பே இல்லாமல் தடை போட்டதுக்குச் சேதனப் பசளை என்ன செய்யும் தம்பி? கிளிரிசீடியாவின் காய்ந்த இலை எடையில் 3 வீதமளவு நைதரசன் இருக்கிறது. வெட்டிப் புதைத்தால் சில கிழமைகளில் உக்கிவிடும். வேலியில் சும்மா நிற்கிற மரம் அது.

கொட்டாஞ்சேனை அக்கா:
சேதனக் கலவை என்று கடையில் ஒரு பை வாங்கினேன். பார்த்தால் தும்புத்தூளும் மரத்தூளும்தான். கத்தரி மஞ்சளாகி அப்படியே நிற்கிறது.

மலைநாட்டான், வத்தளை:
அக்கா, அது இரண்டிலும் காபன் மிக அதிகம், நைதரசன் சொற்பம். அதை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற நைதரசனையும் தாங்களே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி. அடியிலை முதலில் மஞ்சளானதா? அப்படியென்றால் அரைத் தேக்கரண்டி யூரியாவை 5 லீற்றர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

தெஹிவளைத் தோட்டம்:
யூரியா வேண்டாம் அக்கா. நன்றாக உக்கிய கோழி எரு ஒரு பிடி போதும். புது எரு போடாதீர்கள், வேர் கருகும்.

மலைநாட்டான், வத்தளை:
கருக்குவது அமோனியா அண்ணே. யூரியாவிலிருந்து வருவதும் அதே அமோனியாதான். எந்தப் பையிலிருந்து வந்தது என்று செடி பார்ப்பதில்லை.

தெஹிவளைத் தோட்டம்:
செடி பார்க்காது, மண் பார்க்கும். கபுக் மண்ணில் யூரியாவையே போட்டு வந்தால் புளிப்பு இன்னும் ஏறும். அப்புறம் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைற்றுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
அடியிலைதான் முதலில் மஞ்சளானது. உக்கிய கோழி எரு இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்?