விசா மறுப்பு வந்தபின்: மேல்முறையீடா, புதிய விண்ணப்பமா?

மலைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் பன்னிரண்டு நாள் சுற்றுலா செல்வதற்காக பொது விசா முறையுள்ள ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுள் ஒன்றின் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்திருந்தோம். நேற்று கடவுச்சீட்டுகள் திரும்பி வந்தன. உள்ளே விசா இல்லை. ஆளுக்கொரு மறுப்புப் படிவம் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வரிசையாக அச்சிட்ட காரணங்களில் இரண்டு கட்டங்களில் குறியிட்டிருக்கிறார்கள். தங்குவதன் நோக்கத்தையும் அதற்கான ஏற்பாடுகளையும் பற்றி நாங்கள் அளித்த தகவல்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்பது ஒன்று. விசாக் காலம் முடிவதற்குள் நாங்கள் வெளியேறுவோமா என்பதில் நியாயமான ஐயம் உண்டு என்பது மற்றொன்று.

நாங்கள் ஒரு வரிகூடப் பொய்யாக எழுதவில்லை. அதனால்தான் ‘நம்பத்தக்கவையாக இல்லை’ என்ற சொற்கள் இவ்வளவு வலிக்கின்றன. மேல்முறையீடு செய்ய வேண்டும் என்கிறார் என் கணவர். எனக்கோ புதிதாக விண்ணப்பித்துவிடலாம் என்று தோன்றுகிறது. பயணத்துக்கு இன்னும் ஒன்பது வாரங்கள் இருக்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நேர்நிரை எழுதியது:

உங்கள் கணவர் சொல்வதே சரி என்பது என் கருத்து. ஷெங்கன் விசாக்களை ஆளும் 2009ஆம் ஆண்டின் விசா நெறித்தொகுப்பில், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும், மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு என்பதும் 32ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. இதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுலா விசாவைக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்கீழ் மறுத்துவிட்டால் மேல்முறையீடு என்ற ஒன்றே கிடையாது; மீண்டும் கட்டணம் செலுத்தி, மீண்டும் நேர்காணலுக்குப் போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஷெங்கனில் அந்தக் கதவு திறந்திருக்கும்போது நாமாக ஏன் அதைச் சாத்த வேண்டும்?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்த மறுப்பு ஷெங்கன் நாடுகளின் பொது விசாத் தகவல் அமைப்பில் ஐந்தாண்டு வரை பதிவாகியிருக்கும். நாளை நீங்கள் பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பித்தால், வேறு நாடு எதுவும் விசா மறுத்ததுண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று உண்மையைத்தான் எழுத வேண்டும். தவறான முடிவு என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை எதிர்ப்பில்லாமல் விட்டுவிடுவது, அதை நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

படகோட்டி எழுதியது:

நேர்நிரை அவர்கள் சொல்லும் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமை இருப்பது வேறு, அது ஒன்பது வாரத்துக்குள் பயன் தருவது வேறு. மேல்முறையீட்டை எங்கே, எப்படிச் செய்வது என்பதை நெறித்தொகுப்பு அந்தந்த நாட்டின் சட்டத்துக்கே விட்டிருக்கிறது. பிரான்ஸ் மறுத்திருந்தால் 30 நாள்களுக்குள் முதலில் முறையிட வேண்டும். இரண்டு மாதம் பதில் வராவிட்டால் அதுவும் மறுப்பாகவே கொள்ளப்படும். அதன்பிறகுதான் நான்ட் நகர நிர்வாக நீதிமன்றத்தை நாட முடியும். நெதர்லாந்து என்றால் ஆட்சேபம் தெரிவிக்க நான்கு வாரம். ஜெர்மனியில் தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வசதி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதுதான் வழி. சுற்றுலாவுக்காக யார் வழக்காடிக்கொண்டிருப்பார்கள்?

புதிய விண்ணப்பத்துக்கு வழக்கமாக 15 நாளில் முடிவு வந்துவிடும். மேலும் ஆராய வேண்டுமென்றால் 45 நாள் வரை நீளலாம். முந்தைய மறுப்பு இருக்கிறது என்பதற்காகவே புதிய விண்ணப்பத்தைத் தானாக நிராகரிக்கக் கூடாது என்று 21ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. கைரேகையும் 59 மாதங்களுக்குள் கொடுத்ததாக இருந்தால் பெரும்பாலும் மீண்டும் கேட்க மாட்டார்கள். ஆளுக்கு 90 யூரோ கட்டணம் மறுபடியும் போகும் என்பது மட்டுமே இழப்பு.

சகோதரி, எதையும் முடிவு செய்வதற்கு முன் நீங்கள் கொடுத்த ஆவணங்களை ஒவ்வொன்றாக இங்கே சொல்லுங்கள். பொய் இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அதிகாரிக்கு நம்மைத் தெரியாது. அவர் முன்னால் இருப்பவை தாள்கள் மட்டுமே, அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

மலைச்சாரல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கோப்பின் நகலை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விண்ணப்பப் படிவத்தில் பன்னிரண்டு நாள் என்று இருக்கிறது. என் கணவரின் அலுவலக விடுப்புக் கடிதத்தில் பத்து நாள் என்று இருக்கிறது. வார விடுமுறையைச் சேர்க்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பணிக்குத் திரும்பும் தேதி அதில் இல்லை. விடுதி முன்பதிவுகளைக் கூட்டிப் பார்த்தால் பத்து இரவுகளே வருகின்றன. கடைசி இரவை விமான நிலையத்துக்கு அருகில் எங்காவது கழித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். வங்கி அறிக்கையில், விண்ணப்பிப்பதற்குப் பதினொரு நாளுக்கு முன் ஒரு பெரிய தொகை வரவாகியிருக்கிறது. அது கணவரின் அண்ணன் எங்களிடம் வாங்கியிருந்த கைமாற்றைத் திருப்பித் தந்தது. அதை நாங்கள் எங்கும் விளக்கவில்லை.

படகோட்டி எழுதியது:

குறியிட்ட இரண்டு கட்டங்களுக்கும் விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ஒரு பயணத்துக்கு மூன்று தாள்கள் மூன்று கணக்குச் சொல்கின்றன. வேலைக்குத் திரும்பும் தேதி இல்லாத விடுப்புக் கடிதம், திரும்பி வருவீர்கள் என்பதற்கான சான்றாக நிற்காது. வங்கி வரவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணக்கில் காட்டுவதற்காகவே கடன் வாங்கிப் போட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் இருப்பதால், விண்ணப்பத்தை ஒட்டி வரும் பெருந்தொகை எதையும் அதிகாரிகள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். உங்கள் பணம் உங்களுடையதே. ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு வேறு மாதிரிதானே தெரியும்?

நேர்நிரை எழுதியது:

இந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐயம் எழுந்தால் நேர்காணலுக்கு அழைக்கவும் கூடுதல் ஆவணம் கேட்கவும் அதே 21ஆம் பிரிவு துணைத் தூதரகத்துக்கு அதிகாரம் தருகிறது. ‘இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தத் தம்பதி அன்று மாலையே சான்று கொடுத்திருப்பார்கள். கேட்காமலேயே ‘நம்பத்தக்கதல்ல’ என்று குறியிட்டுவிட்டு, பொறுப்பு முழுவதையும் விண்ணப்பித்தவர் தலையில் வைப்பது எப்படி நியாயமாகும்? நெறித்தொகுப்பில் உள்ள காரணங்களுக்காக மட்டுமே விசாவை மறுக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இத்தகைய மறுப்பு நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டதாக இருந்தே ஆக வேண்டும் என்று 2017 டிசம்பரில் சொன்னது. யாரோ சிலர் சலிக்காமல் வழக்காடியதால்தான் நமக்கு இவை கிடைத்தன.

படகோட்டி எழுதியது:

அதே 2013 தீர்ப்பை முழுவதுமாகச் சொல்லுங்கள், நண்பரே. விண்ணப்பத்தை மதிப்பிடுவதில் அதிகாரிகளுக்குப் பரந்த விருப்புரிமை உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. திரும்பி வருவார் என்ற உறுதி அவர்களுக்கு வேண்டியதில்லை. ஆனால் ஐயத்தை நீக்கும் தகவல்களைத் தர வேண்டியவர் விண்ணப்பிப்பவரே. கூடுதல் ஆவணம் கேட்கலாம் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

கல்மண்டபம் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். விசா விண்ணப்ப மையம் ஒன்றில் நான்காண்டுகள் முகப்பில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மையத்தில் இருப்பவர்கள் ஆவணங்களை வாங்கி, பட்டியலோடு சரிபார்த்து, கைரேகை எடுத்து அனுப்புவதோடு சரி. முடிவில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. விடுப்புக் கடிதம் இருக்கிறதா என்று பார்ப்போம், அதில் எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல. ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று முகப்பில் கேட்டதை நம்பி நிம்மதியாக வீடு திரும்பி, பிறகு மறுப்புப் படிவத்தோடு வந்து நின்று, நீங்கள்தானே சரி என்றீர்கள் என்று கேட்டவர்களின் முகங்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

மலைச்சாரல் அவர்களுக்கு: புதிதாக விண்ணப்பிப்பதானால் ஒரு பக்க விளக்கக் கடிதத்தை மேலே வையுங்கள். முந்தைய மறுப்பின் தேதியை நீங்களே முதல் வரியில் குறிப்பிடுங்கள். மறைத்து ஆவதொன்றுமில்லை, அவர்கள் திரையில் அது தெரியும். கைமாற்றுக்கு, நீங்கள் முதலில் பணம் கொடுத்தபோது உங்கள் கணக்கிலிருந்து போன பற்று எந்த நாளில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தையும், திரும்பி வந்த வரவையும் சேர்த்து இணைத்து, அண்ணனிடமிருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

அந்தப் பற்று சென்ற ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. இப்போதுதான் தேடி எடுத்தேன். அலுவலகத்தில் புதிய கடிதம் கேட்டிருக்கிறோம், பணிக்குத் திரும்பும் தேதியோடு. பதினோராவது இரவுக்கும் அறை பதிவு செய்தாயிற்று. புதிதாகவே விண்ணப்பிக்கிறோம்.

நேர்நிரை எழுதியது:

உங்கள் நிலையில் அது பொருந்தும் என்பதை ஏற்கிறேன், நல்லபடியாக முடியட்டும். ஆனால் மறுப்புப் படிவத்தின் முடிவில் மேல்முறையீட்டுக்கான கெடு அச்சிட்டிருக்கும். அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இம்முறையும் கேள்வி கேட்காமல் அதே கட்டத்தில் குறியிட்டு அனுப்பினால், அடுத்த கெடுவுக்குள் எழுத வேண்டிய மனுவை வரிக்கு வரி உடனிருந்து எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.