பழைய எஸ்பிரெசோ இயந்திரத்தை வீட்டில் சீரமைத்தல்: பாய்லரை நம்பலாமா?

மயிலாப்பூர் காபிப் பிரியர் கேட்டது:

வணக்கம். மூடப்பட்ட உணவகம் ஒன்றின் கொட்டகையில் ஒன்பது ஆண்டுகள் கிடந்த இத்தாலிய எஸ்பிரெசோ இயந்திரத்தைச் சென்ற மாதம் வாங்கி வந்தேன். 1961-இல் ஃபெயமா நிறுவனம் அறிமுகம் செய்த ஈ61 வகைக் குரூப் தலைகள் (காபித் தூள் கைப்பிடியைப் பூட்டும், காபி இறங்கும் பகுதிகள்) இரண்டும், 11 லிட்டர் செம்புப் பாய்லரும் இதில் உள்ளன; தகட்டில் 220 வோல்ட், 3300 வாட் என்று பொறித்திருக்கிறது. எஸ்பிரெசோ என்றதும் நம் ஊரில் பலருக்கும் கல்யாண மண்டபத்தில் நீராவியால் பாலை நுரைக்கவைத்துத் தரும் காபிதான் நினைவுக்கு வரும். இதுவோ, பம்பின் உதவியால் 9 பார் அழுத்தத்தில் காபித் தூளின் ஊடே வெந்நீரைச் செலுத்தும் இயந்திரம்.

ஆர்வ மிகுதியில் தண்ணீர் நிரப்பி மின் இணைப்புக் கொடுத்தேன். அந்த நொடியே, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி விழுந்துவிட்டது. பின்னர் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தபோது அதன் குழாய்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன; பாய்லரின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. இப்படிப் படிந்த உப்பை எதைக் கொண்டு கரைப்பது, வீட்டு மின்சாரம் இதைத் தாங்குமா, குழந்தைகள் நடமாடும் சமையலறையில் இந்தப் பாய்லரை வைக்கலாமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். கடைசிக் கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை.

அம்பத்தூர் பட்டறைக்காரர்:

ஐயா, சோதனை முடியும்வரை அதற்கு மறுபடியும் மின்சாரம் கொடுக்காதீர்கள். வேலை செய்யும்போது இந்தப் பாய்லரில் 1 முதல் 1.2 பார் வரை அழுத்தமும் ஏறத்தாழ 120 டிகிரி வெப்பமும் இருக்கும். வீட்டுக் குக்கரிலும் அதே அளவுதான் என்றாலும், குக்கரின் அருகில் ஆள் நிற்கிறார், சில நிமிடங்களில் அடுப்பை அணைத்துவிடுகிறார். இதுவோ நாள் முழுவதும் அழுத்தத்திலேயே இருக்கும். ஆகவே 1.8 பாரில் திறக்க வேண்டிய சேஃப்டி வால்வைப் புதிதாகவே வாங்கிப் பொருத்துங்கள். உப்பேறிய பழைய ஸ்பிரிங்கைத் துடைத்துப் பயன்படுத்துவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. பாய்லரைச் சுற்றி வெள்ளை நாராக ஏதேனும் உறை இருந்தால், அது நுரையீரலுக்குக் கேடான கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் அதைப் பிய்க்கவோ அறுக்கவோ வேண்டாம்.

முதலில் உப்பைக் கரையுங்கள், அதன் பிறகே அழுத்தச் சோதனை செய்யுங்கள். ஏனெனில் ஊசித் துளையை அந்த உப்பே அடைத்துக்கொண்டிருக்கலாம். லிட்டருக்கு 40 கிராம் வீதம் சிட்ரிக் அமிலத்தை, அதாவது எலுமிச்சை உப்பை, வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, கிளம்பும் வாயு வெளியேற மேலே ஒரு வழியைத் திறந்தே வைத்திருங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் விரைவாகக் கரைக்கும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அது பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்து உலோகத்தையே பொலபொலவென்று ஆக்கிவிடும்.

பிறகு பாய்லர் முழுவதும், காற்று துளியும் தங்காதபடி, குளிர்ந்த நீரை நிரப்பி, சேஃப்டி வால்வு, பிரஷர் ஸ்விட்ச், கேஜ் ஆகியவற்றின் இடங்களை அடைத்து, பிளம்பர்கள் பயன்படுத்தும் கைப்பம்பால் 3 பார் வரை ஏற்றி அரை மணி நேரம் பாருங்கள். காற்றைக் கொண்டு இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது: நீர் அமுங்குவதில்லை, ஆகவே எங்காவது விரிசல் விட்டால் ஒழுகுவதோடு அழுத்தம் இறங்கிவிடும்; அடைபட்ட காற்றோ வெடித்துச் சிதறும்.

குரூப் தலைகளுக்குச் செல்லும் மேல், கீழ் குழாய்களையும் கவனியுங்கள். வெந்நீர் மேலேறி, தலையைச் சூடாக்கி, குளிர்ந்து கீழிறங்கும் சுழற்சியால்தான் அந்தக் கனத்த பித்தளைத் தலை சூடாக இருக்கிறது. குழாய் அடைத்திருந்தால் பாய்லர் எவ்வளவு கொதித்தாலும் காபி புளிக்கும்.

பெரம்பூர் மின்பணியாளர்:

ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தயவுசெய்து அதை விலக்கிவிட்டு முயலாதீர்கள். நெடுநாள் சும்மா கிடந்த ஹீட்டர், உள்ளிருக்கும் காப்புத் தூளில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மின்காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரால் அளந்து பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் உலர்த்திவிட்டு மீண்டும் அளக்கலாம். அப்போதும் ஏறாவிட்டால் புதிதுதான் வாங்க வேண்டும். இந்த வகை ஹீட்டர்களில் பெரும்பாலும் மூன்று தனித்தனிக் குழாய்கள் இருக்கும். மூன்றையும் இணைத்தால் 15 ஆம்பியர், அதாவது 16 ஆம்பியர் சாக்கெட்டின் எல்லை. இரண்டை மட்டும் இணைத்தால் 10 ஆம்பியர், சூடேறச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. எப்படியிருந்தாலும் மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி இணைப்பும், முறையான எர்த்தும் வேண்டும்.

திருவான்மியூர் வாசகி:

தண்ணீரைப் பற்றி ஒன்று. எங்கள் பகுதிப் போர் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கரைந்துள்ள உப்புகளைக் காட்டும் அளவு) ஆயிரத்தைத் தாண்டுவதுண்டு. அதிலுள்ள குளோரைடு செம்பை அரிக்கும், மென்னீராக்கும் கருவி குளோரைடை நீக்காது. அதற்காக வெறும் ஆர்.ஓ. நீரையும் ஊற்ற வேண்டாம். உப்பு மிகக் குறைந்த நீரில் மின்சாரம் போதிய அளவு பாயாததால், நீர்மட்டம் அறியும் கம்பி பாய்லர் காலி என்றே எண்ணிக்கொண்டு நிரப்பிக்கொண்டே இருக்கக்கூடும். ஆர்.ஓ. நீருடன் மெட்ரோ தண்ணீரைக் கலந்து டிடிஎஸ்ஸை 100 முதல் 150 வரை வைத்துக்கொள்ளுங்கள், சகோதரரே.

மயிலாப்பூர் காபிப் பிரியர், இரண்டு வாரங்களுக்குப் பின்:

மூவருக்கும் நன்றி. மூன்று முறை எலுமிச்சை உப்பு ஊற்றிய பிறகு, நீர்மட்டக் கண்ணாடிக்கு அருகிலுள்ள பற்றவைப்பில், பட்டறைக்காரர் ஐயா சொன்னபடியே, உப்பு மூடியிருந்த ஊசித் துளை வெளிப்பட்டது. வெள்ளிப் பற்றவைப்புச் செய்து சோதித்தேன். 3 பார் அரை மணி நேரமும் முள் அசையாமல் நின்றது. ஹீட்டரை உலர்த்தியும் மெகர் அளவு ஏறவில்லை, ஆகவே புதியதற்குச் சொல்லியிருக்கிறேன். இடது குரூப்பின் மேல்குழாயில் ஊற்றும் நீர் இன்னும் சொட்டுச் சொட்டாகவே வருகிறது. அதைக் கழற்றி அமிலத்தில் ஊறப் போட்டிருக்கிறேன்.