புகையா, தூசியா: செயற்கைக்கோள் படங்களில் பின்தொடர்ந்த அனுபவம்

2020 ஜூனில் சஹாராவிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்த தூசுப் படலத்தைத்தான் நான் முதன்முதலில் விடாமல் பின்தொடர்ந்தேன். ‘காட்ஸில்லா’ என்று பெயர் வாங்கிய அதே படலம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரீபியன் தீவுகளைத் தொட்டு, அப்புறம் அமெரிக்காவின் தென்கரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடல் மேல் வந்துவிட்டால் பார்ப்பது சுலபம். கருநீலத் தண்ணீருக்கு மேல் காவி கலந்த திரை தெளிவாகத் தெரியும். கிளம்பும் இடத்தில்தான் சிக்கல். மணலுக்கு மேல் மணல் நிறத்திலேயே பறக்கும் தூசியைச் சாதாரண வண்ணப் படத்தில் பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. இரவில் அந்தப் படமும் இல்லை.

அங்கே கைகொடுத்தது ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோளான மீட்டியோசாட்டின் ‘டஸ்ட் ஆர்ஜிபி’, அதாவது தூசியைத் தனித்துக் காட்டும் செயற்கை வண்ணப் படம். 8.7, 10.8, 12.0 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என மூன்று அகச்சிவப்பு அலைவரிசைகளைக் கலந்து செய்யும் படம் அது. மேகம் 12.0-இல் அதிகம் உறிஞ்சும். பாலைவனத் தூசி 10.8-இல் அதிகம் உறிஞ்சும். இந்த வேறுபாடுதான் திரையில் அடர் இளஞ்சிவப்பாக வருகிறது. அப்போது 15 நிமிடத்துக்கு ஒரு படம், இரவு பகல் பேதம் கிடையாது. வரிசையாக ஓட்டிப் பார்த்தால், ஒரு மூலையில் மெல்லிய கீற்றாக எழும்புவது மணிக்கணக்கில் அகன்று போவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். காற்றில் ஈரப்பதம் ஏறினால் இளஞ்சிவப்பு மங்கிவிடும். நிறம் போய்விட்டதால் தூசியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

காட்டுத்தீப் புகைக்கு இந்த வித்தை பலிக்காது. புகைத்துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. அந்த நீண்ட அலைகளை அவை தடுப்பதே இல்லை எனலாம். 3.9 மைக்ரான் படத்தில் தீ எரியும் இடம் புகையையும் தாண்டிப் பளிச்சென்று தெரியும். புகை மட்டும் காணாது. ஆகவே புகையைப் பகல் வெளிச்சத்தில்தான் தேட வேண்டும். அதிலும் உச்சிவேளை உதவாது. ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் அறைத் தூசி மின்னுமே, அப்படித்தான் இதுவும்: காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, மதியம் கண்ணுக்கே படாத மெல்லிய புகைகூடத் துலங்கும்.

2023 ஜூன் முதல் வாரத்தில் கனடாவின் கியூபெக் மாகாணக் காட்டுத்தீயை அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான கோஸ்-16-இன் படங்களில் பார்த்தபோது இதை நன்றாக உணர்ந்தேன். கனடாவின் கிழக்குக் கரையோரம் ஒரு தாழ்வழுத்தம் நின்று சுழன்றுகொண்டிருந்தது. அதன் மேற்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு புகை நேராகத் தெற்கே இறங்கியது. மேகத்துக்கு வெண்மையும் முண்டும் முடிச்சுமான மேற்பரப்பும் இருக்கும். புகையோ சாம்பல் பூத்த பழுப்பு, ஓரம் கரைந்திருக்கும், அடியில் ஆறும் ஏரியும் மங்கலாகத் தெரியும். ஜூன் 7 அன்று நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானதை எல்லோரும் பார்த்தோம். அத்தனை பேர் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்களே என்று மனம் கனத்துப் போனது.

அதே மாதக் கடைசியில் கனடாப் புகை ஐரோப்பாவுக்கும் போனது. வானம் வெளிறியது, அந்திச் சூரியன் சிவந்தது, ஆனால் புகை பெரும்பாலும் உயரத்தில் இருந்ததால் தரையில் காற்று அவ்வளவாகக் கெடவில்லை. மேலிருந்து எடுத்த படம் அடி முதல் நுனி வரை உள்ள மொத்தத்தையும் ஒரே தளமாகத்தான் காட்டும். அது எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது என்று சொல்லாது. சிவப்பு பூசிய ஒற்றைப் படத்தைப் பகிர்ந்து ஊரையே பயமுறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. பக்கத்திலேயே தரையில் இருக்கும் பிஎம் 2.5 அளவையும் (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்கள் காற்றில் எவ்வளவு என்ற கணக்கு) போடுங்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாதபோது நான் காற்றிலுள்ள வாயுக்களை அளக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-5பி-யின் கார்பன் மோனாக்சைடு படத்தைத் திறப்பேன். எரிந்து வந்த புகையோடு அந்த வாயு வாரக்கணக்கில் பயணம் செய்யும். பாலைவனத் தூசி அதைக் கொண்டுவராது. படலத்தின் உயரத்தை அறிய முன்பெல்லாம் காலிப்சோ என்ற செயற்கைக்கோளின் லேசர் குறுக்குவெட்டுப் படம் இருந்தது. 2006 முதல் உழைத்த அந்தச் செயற்கைக்கோள் 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள் அந்த வேலையைச் செய்கிறது. அது கடந்து போகும் கோட்டுக்கு நேர் கீழே உள்ளது மட்டும்தான் கிடைக்கும் என்பதால், படலம் அந்தக் கோட்டில் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.