5 சென் ரவுண்டிங்: கேஷ் கவுண்டருக்கு எத்தனை டெஸ்ட் கேஸ்?

பட்டர்வர்த்_கியூஏ:
மலேசியாவில், பினாங்கில் ஒரு மளிகைக் கடைக்கான பில்லிங் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்ய வேண்டும். புரோகிராம் கோடு நம் கைக்கு வராது, ஸ்பெக் (எப்படி இயங்க வேண்டும் என்ற விவரக்குறிப்பு) மட்டும்தான். ரொக்கம் என்றால் மொத்தத்தை 5 சென்னுக்கு (100 சென் = 1 ரிங்கிட்) ரவுண்ட் செய்ய வேண்டும், கார்டுக்கு அப்படியே. உறுப்பினர் 100 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கினால் 10 விழுக்காடு தள்ளுபடி. 0.01 முதல் 1.00 வரை நூறு தொகையையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார் மேனேஜர். எங்கே வெட்டலாம்?

பயான்லெப்பாஸ்_டெஸ்டர்:
நூறும் வேண்டாம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2008 ஏப்ரல் 1-இல் கொண்டுவந்த முறையில் கடைசி இலக்கம்தான் கணக்கு. 1, 2 வந்தால் 0-க்கு இறங்கும். 3, 4 வந்தால் 5-க்கு ஏறும். 6, 7 வந்தால் 5-க்கு இறங்கும். 8, 9 வந்தால் அடுத்த பத்துக்கு ஏறும். 0, 5 மாறாது. ஆக ஆறு வகுப்பு (ஒரே மாதிரி ரவுண்ட் ஆகும் இலக்கங்கள் ஒரு வகுப்பு; 0, 5 தனித்தனி). பிழை பெரும்பாலும் வகுப்பு மாறும் இடத்தில்தான் இருக்கும்: 12.42 / 12.43, 12.47 / 12.48. இவற்றோடு 12.40, 12.45. ரிங்கிட் மாறுகிறதா என்று பார்க்க 99.98, அடிமட்டத்துக்கு 0.02 (பில் 0.00 ஆகும், அப்போது கவுண்டர் என்ன செய்கிறது?).

கேஎல்_செந்தூல்:
மேலே உள்ளதெல்லாம் ஒரே பொருள் பில். மொத்தத்தில் ரவுண்ட் செய்யாமல் பொருளுக்குப் பொருள் செய்தால் அதில் பிடிபடாது. 1.02 விலையில் மூன்று பொருள் போடுங்கள்: மொத்தம் 3.06, ரொக்கம் 3.05. 3.00 காட்டினால் தவறான இடத்தில் ரவுண்ட் ஆகிறது.

தள்ளுபடிக்கு டிசிஷன் டேபிள் (நிபந்தனைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரிசை) போடுங்கள். உறுப்பினரா, 100-க்கு மேலா, ரொக்கமா என்று மூன்று நிபந்தனை, எட்டு வரிசை. உறுப்பினர் அல்லாதவருக்குத் தொகை பொருட்டில்லை என்பதால் ஆறாகச் சுருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரிசையிலும் 100-க்கு மேற்பட்ட தொகையையே போடுங்கள். 40 ரிங்கிட் பில்லை வைத்து ஓட்டினால், எல்லாருக்கும் தள்ளுபடி போகிற பிழை கண்ணில் படாமலே போய்விடும்.

பயான்லெப்பாஸ்_டெஸ்டர்:
சரிதான் அண்ணா, 3.06 என் பட்டியலில் இல்லை. தள்ளுபடி எல்லைக்கு 99.99, 100.00, 100.01. இவற்றைவிட முக்கியமானது: உறுப்பினர், ரொக்கம், 100.02. முதலில் தள்ளுபடி என்றால் 90.018, அது 90.02, கட்ட வேண்டியது 90.00. முதலில் ரவுண்ட் செய்தால் சரியாக 100.00 ஆகிவிடும், "மேல்" இல்லை, தள்ளுபடியும் இல்லை. வாடிக்கையாளருக்கு 10 ரிங்கிட் நட்டம். எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டியே கையால் கணக்கிட்டு எழுதி வையுங்கள். திரையில் வந்ததைப் பார்த்து எழுதினால் எல்லாமே பாஸ்தான்.

பட்டர்வர்த்_கியூஏ:
நன்றி. 20 கேஸுக்குள் அடங்கிவிடும் போல. பாதி கார்டு, மீதி ரொக்கம் என்றால்?

கேஎல்_செந்தூல்:
ஸ்பெக்கில் இல்லையே. நீங்களாக ஊகித்து கேஸ் எழுத வேண்டாம், பிஸ்னஸ் அனலிஸ்டிடம் எழுத்தில் வாங்குங்கள். கேட்கும்போதே, ரொக்கத்தில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் ரவுண்ட் செய்த தொகையா, செய்யாததா என்பதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.